மேடுபள்ளத் தோப்பில் புல் வெட்ட எந்த இயந்திரம்? சிசியைக் கேட்கும் முன் அதிர்வைக் கேளுங்கள்

மழை பெய்து ஒரு மாதம் கழித்துத் தென்னந்தோப்புக்குள் போனால் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். அரிவாள் பிடித்து அறுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை என்பதுதான் பல விவசாயிகளின் புலம்பல். அதனால் இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர்கூட இன்று புதர் அகற்றும் கருவி ஒன்று வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறார். பேச்சில் இதை பிரஷ் கட்டர் என்கிறோம். வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தரும் கருவிகளில் இதுவும் ஒன்று.

கடைக்குப் போனதும் முதலில் என்ன கேட்கிறோம்? "எத்தனை சிசி?" அடுத்து, "என்ன விலை?" கடைக்காரரும், "அண்ணே, இது 52 சிசி, எதைக் கொடுத்தாலும் வெட்டித் தள்ளிடும்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். இதைக் கையில் பிடிக்கப்போவது யார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பிடிப்பார், அவர் கைக்கு எவ்வளவு அதிர்வு வரும் என்று யாரும் கேட்பதில்லை.

சமமான புல்தரையில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும். தோப்பு அப்படி இல்லைங்க. மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி, நடுவில் வாய்க்கால், எலி வளை, புல்லுக்குள் மறைந்து கிடக்கும் மட்டை, நெற்று, கல். பிளேடு எதில் மோதினாலும் அந்த அடி தண்டு வழியாகக் கைப்பிடிக்கு வந்து, அங்கிருந்து விரலுக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. ஏறி உட்கார்ந்து ஓட்டும் இயந்திரமாக இருந்தால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் இறங்குகிறது.

அதிர்வு உடம்பில் என்ன செய்கிறது?

பிரஷ் கட்டரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கை "விண் விண்" என்று இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் இப்படியே தொடர்ந்தால் விரல் நுனியில் உணர்வு குறைகிறது, பிடி தளர்கிறது, குளிரான நேரத்தில் விரல்கள் வெளுத்துப் போகின்றன. இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த தொழிலாளர்களுக்கு விரல் வெளுப்பதை, மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். நம் ஊர் வெயிலில் விரல் வெளுப்பதைவிட மரத்துப்போவதுதான் முதலில் தெரியும். நரம்பு கெட்ட பிறகு முழுவதுமாகத் திரும்புவது கடினம் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதுதான் வழி.

அதிர்வை அளக்க ஓர் அலகு உண்டு: வினாடி வர்க்கத்துக்கு இத்தனை மீட்டர். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலை நாளுக்குக் கைக்கு வரும் அதிர்வு 2.5-ஐ எட்டினால் வேலை கொடுப்பவர் அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்; 5-ஐத் தாண்டவே கூடாது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். அதிர்வு இரண்டு மடங்கானால் வேலை நேரம் பாதியாகக் குறைந்தால் போதாது, கால்வாசியாகக் குறைய வேண்டும். கைப்பிடியில் 2.5 அதிர்வு தரும் கருவியை எட்டு மணி நேரம் பிடித்தால் அந்த முதல் வரம்பு வரும். 3.5 என்றால் ஏறக்குறைய நாலு மணி நேரத்திலேயே வந்துவிடும். 5 என்றால் இரண்டு மணி நேரம். 10 என்றால் அரை மணி நேரம்தான்! இரண்டு கருவிகள் ஒரே விலையில், ஒரே சிசியில் இருக்கலாம். ஒன்றை வைத்து அரை நாள் வேலை பார்க்கலாம், இன்னொன்றைப் பிடித்தவர் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும்.

இந்த எண்ணை எங்கே பார்ப்பது? நல்ல நிறுவனங்களின் கையேட்டில் இடது கைப்பிடி, வலது கைப்பிடி என்று தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். கடையில் "கையேட்டைக் காட்டுங்க" என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணே இல்லாத கருவி என்றால் நேரில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தோளில் மாட்டும் கருவி

என் கணிப்பில் 52 சிசி பெரும்பாலான தோப்புகளுக்குத் தேவையே இல்லை. வெறும் புல்லும் பார்த்தீனியமும்தான் என்றால் 35 சிசி ஒட்டியே போதும். சிசி கூடக் கூட எடையும் கூடும். தோளில் தொங்கும் கருவி பெரும்பாலும் 7 முதல் 10 கிலோ வரை இருக்கும். காலையில் தெரியாத இரண்டு கிலோ, மதியம் பதினொரு மணிக்கு மேல் தெரியும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், எந்த விகிதம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். நாலு ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி. பொதுவாகச் சத்தமும் புகையும் குறைவு, எடை கொஞ்சம் கூடுதல். பேட்டரியில் ஓடுவது கைக்கு இதமாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க ஓட்ட மாற்று பேட்டரி வேண்டும்.

எஞ்சினும் நீளத் தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்க வேண்டும். அதுதான் அதிர்வைத் தடுக்கும் அணை. கைப்பிடி தண்டில் நேரடியாக இறுக்கப்பட்டிருக்கிறதா, நடுவில் ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சைக்கிள் ஹேண்டில் மாதிரி இரண்டு கைப்பிடி உள்ளது திறந்தவெளித் தோப்புக்கு வசதி. வேலி ஓரம், செடிகளுக்கு நடுவே என்றால் வளையக் கைப்பிடி நல்லது. முதுகில் மாட்டும் வகை வரப்பிலும் சரிவிலும் உதவும், ஆனால் எஞ்சினின் சூடும் நடுக்கமும் முதுகோடு ஒட்டியே இருக்கும்.

ஒற்றைத் தோள் வாரோடு தரும் கருவியை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். இரண்டு தோளிலும் மாட்டி, இடுப்பில் பட்டை வைத்த வாராகக் கேளுங்கள். சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. மாட்டியதும், எஞ்சினை ஓட்டாமலே இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள். பிளேடு தரையை ஒட்டிக் கிடைமட்டமாகத் தொங்கினால் கொக்கி சரியான இடத்தில் இருக்கிறது. மூக்கு குத்தினாலோ மேலே தூக்கினாலோ கொக்கியை நகர்த்துங்கள். சமநிலை தப்பிய கருவியை நாம் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் அதிகமாக ஏறும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். கடை வாசல் சிமென்ட் தரையில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, உங்கள் தோப்பிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வாங்குபவர் அல்ல, தினமும் பிடிக்கப்போகிறவர் ஓட்ட வேண்டும். இருபது நிமிடம் வெட்டிவிட்டு நிறுத்தி, உடனே சட்டைப் பொத்தானைக் கழற்றிப் போடச் சொல்லுங்கள். தடுமாறினால் அந்தக் கருவி அவருக்கு ஆகாது. பெண்கள் ஓட்டப்போவதாக இருந்தால், ஸ்டார்ட் கயிற்றை அவர்களே இழுத்துப் பார்க்கட்டும். வார் அவர்கள் உயரத்துக்குச் சுருங்குகிறதா என்றும் பார்க்கட்டும். பல வார்கள் உயரமான ஆளுக்குத் தைத்தவை.

வாங்கிய புதிதில் நன்றாக இருந்த கருவி ஆறு மாதத்தில் ஆட ஆரம்பித்தால், முக்கால்வாசி நேரம் காரணம் பிளேடுதான். வளைந்த பிளேடைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள். நைலான் நரம்பு போட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இருக்கட்டும். கல் அதிகமுள்ள இடத்துக்கு நரம்புதான் பாதுகாப்பு. இளங்கன்றின் தண்டையும் சொட்டுநீர்க் குழாயையும் அதுவும் விட்டுவைக்காது, அந்த இடத்தில் கையால் எடுப்பதே மேல். பிளேடு போட்டு வெட்டும்போது வலமிருந்து இடமாக வீசுங்கள். பிளேடைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் 12-க்கும் 3-க்கும் நடுவிலுள்ள பகுதி கட்டையில் பட்டால் கருவி எகிறி அடிக்கும். கண்ணாடி, ஷூ, காது அடைப்பான் இல்லாமல் இறங்க வேண்டாம். 15 மீட்டருக்குள் வேறு யாரும், ஆடுமாடும்கூட, நிற்கக் கூடாது.

தள்ளுவதும், ஏறி ஓட்டுவதும்

தோள் தாங்காதவர்களுக்குச் சக்கரம் வைத்துத் தள்ளும் வகை உண்டு. எடையைச் சக்கரம் சுமக்கும். ஆனால் சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியிலும் விழும்; பெரிய சக்கரம் அதைத் தாண்டிப் போகும். மேடுபள்ளத்துக்கு விட்டம் பெரிய சக்கரத்தைத்தான் கேட்க வேண்டும்.

கல்லூரி, விளையாட்டு மைதானம், பெரிய பண்ணை வீடு என்று வைத்திருப்பவர்கள் ஜீரோ டர்ன் மோவர் பற்றி விசாரிக்கிறார்கள். இதற்கு ஸ்டியரிங் இல்லை, இரண்டு நெம்புகோல்தான். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக இயங்கும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். மரத்தைச் சுற்றி வெட்ட அருமை. விலை லட்சக்கணக்கில். முன்னால் இருப்பவை தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தானாகச் சுழலும் சின்னச் சக்கரங்கள், குழியில் விழுந்தால் உட்கார்ந்திருப்பவரைத் தூக்கிப் போடும். ஆகவே இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங் அமைப்பு இருக்கிறதா, ஓட்டுநரின் எடைக்கேற்ப அதை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். மெத்தை தடிமனாக இருந்தால் மட்டும் போதாது. டயரில் கையேடு சொல்லும் அளவுக்கு மேல் காற்று அடித்தால் குலுக்கல் கூடும். மேடுபள்ளத்தில் வேகத்தைக் குறைப்பதுபோல மலிவான மருந்து வேறில்லை.

சரிவு 15 பாகையைத் தாண்டினால் இதை ஓட்டவே கூடாது. 4 அடி தூரத்துக்கு 1 அடி ஏற்றம் என்றாலே ஏறக்குறைய 14 பாகை ஆகிவிடுகிறது. குளக்கரை, கிணற்றோரம் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். கவிழ்ந்தால் காக்கும் வளைவுக் கம்பி உள்ள மாடலையே வாங்கி, சீட் பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

வட்டப்பாத்தி எடுத்த தென்னந்தோப்புக்கு ஜீரோ டர்ன் ஒத்துவராது. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பு என்றால் சின்ன டிராக்டரும் பின்னால் மாட்டும் புல்வெட்டியும் நடுவே தாராளமாகப் போய்வரும். மரத்தடியில் மட்டும் பிரஷ் கட்டர். ஆண்டுக்கு மூன்று நாலு முறைதான் வெட்டப்போகிறீர்கள் என்றால் டிராக்டரை வாடகைக்கு எடுப்பதே லாபம். துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாகவே முன்பதிவு செய்யலாம்.

மானியத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பது அடிப்படை. ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிரிவைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகளுக்கு மாநில அரசு கூடுதலாக 20 சதவீதம் அறிவித்தது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்சவரம்புத் தொகை உண்டு. சதவீதக் கணக்கா, அந்தத் தொகையா, எது குறைவோ அதுதான் கிடைக்கும். இந்த ஆண்டுக்கான தொகையையும் ஒதுக்கீட்டையும் உங்கள் உபகோட்டத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், தேவைப்படுவோருக்குச் சாதிச் சான்று. சிறு, குறு விவசாயி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் வழங்குவார். இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு. இந்தச் சான்று இல்லாமல் 40 சதவீதத்தில் நின்றுபோகிறவர்கள் நிறைய பேர், ஆகவே அதை முதலில் வாங்குங்கள். பிறகு உழவன் செயலியில் விண்ணப்பம். அனுமதி வருவதற்கு முன்பே கடையில் வாங்கி, பின்னால் ரசீதை நீட்டினால் மானியம் கிடைக்காது.

மாடலையும் முகவரையும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். "இந்த ஒரு மாடலுக்குத்தான் மானியம் வரும்" என்று யாராவது சொன்னால் பட்டியலைக் கேளுங்கள். ஆந்திராவின் அனந்தபுரம் மாவட்டம் கார்லதின்னேயிலும், மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கும். நீங்கள் பார்த்துவைத்த மாடலுக்கு அறிக்கை இருந்தால் சத்தம், அதிர்வு என்ற பகுதிகளைத் தேடிப் படியுங்கள், அல்லது உதவிப் பொறியாளரிடம் கொடுத்து விளக்கம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் உழவர் அழைப்பு மையத்தின் 1800 180 1551 கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கருவி வந்து இறங்கியதும் எஞ்சின் எண்ணும் ரசீதிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வார், கண்ணாடி, பிளேடு உறை, கையேடு எல்லாம் பெட்டிக்குள் இருக்கட்டும். உத்தரவாத அட்டையில் தேதியும் முத்திரையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். ரப்பர் தாங்கி தேய்ந்தால் மாற்ற உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்றும் அப்போதே கேட்டு, அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். உத்தரவாத காலத்தில் பழுது பார்க்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.