மலாயாவுக்குப் போன பூட்டனார்

கேள்வி: எங்கள் பூட்டனார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவராம். அவரைப் பற்றி எங்கே தேடலாம்?
– வாசகி, மானிப்பாய்

பதில்: 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கிளாக்கராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கப்பலேறிய காலம் அது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பலர் குடியிருந்தார்கள். கந்தசுவாமி கோயிலும் கட்டினார்கள்.

முதலில் வீட்டுப் பெட்டகத்தைத் திறவுங்கள். பென்சன் கடிதம், பழைய பாஸ்போர்ட், மலாயாக் காசில் வாங்கிய காணியின் உறுதி ஏதாவது அகப்படலாம். அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார் என்பதை அவற்றிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுவது வீண் அலைச்சல். குடும்பத்து முதியவர்களை இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள், பிள்ளை.