கல்யாண கேசட் முதல் செல்போன் வரை: வீட்டு வீடியோக்களைக் காப்பாற்ற முழுமையான வழிகாட்டி

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. இன்று அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் ‘கீசக வத’மும் இல்லை. ஊர் ஊராக ஓடிய படங்களுக்கே இந்தக் கதி. உங்கள் வீட்டுக் கல்யாண கேசட்டுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே பிரதி.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணம், சடங்கு, காதுகுத்து, குலதெய்வக் கோயில் கிடாவெட்டு, அலங்காநல்லூர் வாடிவாசலில் வீட்டுக் காளை இறங்கிய காட்சி என்று ஒரு தலைமுறைக்கும் மேலாக வீடியோ எடுத்துக்கொண்டே இருக்கிறோம். எடுத்த அளவுக்குப் பத்திரப்படுத்தவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரே விதியை மனதில் வைத்தால் போதும்: எது முதலில் அழியுமோ, அதற்கே முதல் கவனிப்பு.

## படி 1: கணக்கெடுங்கள்

பரண், பீரோவின் அடித்தட்டு, டிரங்குப் பெட்டி, டிவி ஸ்டாண்டு டிராயர், பழைய செல்போன்கள் எல்லாவற்றையும் கிளறுங்கள். போகிக்கு வீட்டைக் கழிக்கும்போது கேசட்டுகள்தாம் முதலில் வெளியே போகின்றன; அதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உறையில் எழுதியிருப்பதை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒட்டுத்தாள் உதிர்ந்துவிட்டால் அந்த நோட்டுதான் துணை.

வரிசை இதுதான்: கேசட்டுகள், பிறகு வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதிய சிடி, டிவிடி, பிறகு பென்டிரைவும் மெமரி கார்டும், கடைசியாக செல்போன்.

## படி 2: கேசட்டிலிருந்து கணினிக்கு

கேசட்டுக்கு முதலிடம் தருவதற்கு அதன் வயது மட்டும் காரணமில்லை. அதைப் போட்டுப் பார்க்கும் கருவியே உலகில் குறைந்துகொண்டு வருகிறது. விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று ஓடுகிற பழைய விசிஆரின் ஹெட் தேய்ந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது கஷ்டம்.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ மாவு போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடிக் கிடந்தவற்றில் இது வரும். அப்படிப்பட்ட கேசட்டை பிளேயரில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைத் தனியாக எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல நிலையில் இருக்கும் விஹெச்எஸ் கேசட்டின் விளிம்பில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறிப்போய்க்கூட மேலே வேறெதுவும் பதிவாகாது. பிறகு கடைசிவரை ஓட்டி, முழுவதும் ரீவைண்டு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

விசிஆரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகி, அதைக் கணினியில் இணைக்க வேண்டும். நம் நாட்டு வீடியோ முறை ‘பால்’ (PAL). அதனால் 720×576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம். ‘பெரிதாக்கு’, ‘பளிச்சாக்கு’ போன்ற எதையும் மூலப் பிரதியில் தொடாதீர்கள். அழகுபடுத்துவதைப் பார்வைப் பிரதியில் பிறகு செய்துகொள்ளலாம்.

திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சி என்றால் எம்கேவி கோப்பில் எஃப்எஃப்வி1 என்ற முறையில் சேமியுங்கள். படத்தில் ஒரு புள்ளியும் குறையாது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 ஜிபி பிடிக்கும். மற்றவற்றுக்கு ஹெச்.264 போதும், நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி.

மினி டிவி (MiniDV) கேசட் வேறு வகை. அதற்குள் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அதை மஞ்சள் வயரில் எடுப்பது வீண் இழப்பு. ஃபயர்வயர் இணைப்புள்ள பழைய கணினியைத் தேடிப்பிடித்து அப்படியே நகலெடுங்கள். ஒரு மணி நேரம் 13 ஜிபி வரும்.

ஸ்டுடியோவில் கொடுப்பதாக இருந்தால் டிவிடியாகக் கேட்காதீர்கள். உங்கள் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்து, வெட்டாத முழுக் கோப்பைக் கேளுங்கள். கேசட்டையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

## படி 3: சிடி, டிவிடி

ஸ்டுடியோ எழுதிக் கொடுத்த தட்டில் படம் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் அதற்கு எதிரி; மதுரையின் சித்திரை, வைகாசி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். டிவிடியைக் கோப்பு கோப்பாக எடுக்காமல் முழுத் தட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுங்கள். விசிடிக்குள் இருக்கும் ‘டாட்’ கோப்புகளை விஎல்சி பிளேயர் ஓட்டும். ஒரு டிரைவில் ஓடாத தட்டு இன்னொன்றில் ஓடக்கூடும், உடனே தூக்கி எறியாதீர்கள்.

## படி 4: செல்போன்

2020 சித்திரையில், கொரோனா ஊரடங்கால், மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. வீட்டில் நேரலையைப் பார்த்தபடியே பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் வைகையில் இறங்கவில்லை. அந்த வருடம் வீட்டுக்குள் எடுத்த அரை நிமிட வீடியோவும் ஊரின் வரலாறுதான்.

அது வாட்ஸ்அப்பில் வந்த பிரதியாக இருந்தால் சுருக்கப்பட்டிருக்கும். எடுத்தவரிடமே மூலத்தைக் கேட்டு, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் போட்டு எடுங்கள்.

## படி 5: பெயர் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது இதுதான். கேசட் இன்னும் ஐந்து வருடம் தாங்கலாம். அதில் தாய்மாமன் சீர்த்தட்டோடு வருகிறவர் யார், எந்த ஊர், எந்த வகையில் சொந்தம் என்று சொல்லக்கூடிய அப்பத்தாவுக்கு இப்போதே எண்பது வயது.

எனவே முழுத் தொகுப்பும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் கேசட் கணினிக்கு வந்ததுமே பெரியவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் பேசுவதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்: இது எந்த மண்டபம், பின்னால் தெரிகிற வீடு யாருடையது, காளை யார் கொட்டத்தில் வளர்ந்தது?

நம் வீடுகளில் இதற்கென்றே இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று கல்யாணப் பத்திரிகை: தேதி, முகூர்த்தம், மண்டபம், இரு வீட்டார் பெயர் எல்லாம் அதில் இருக்கும். மற்றொன்று மொய் நோட்டு. வந்தவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக உள்ள அதைவிட நல்ல விருந்தினர் பட்டியல் கிடையாது. இரண்டையும் படம் எடுத்து வீடியோ இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள்.

கோப்புப் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: ‘1994-05-22-கல்யாணம்-மேலூர்-கேசட்-1’ என்பதுபோல. ஆண்டு முன்னால் இருந்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். தேதி தெரியாவிட்டால் ஆண்டோடு நிறுத்துங்கள், ஊகிக்க வேண்டாம். விவரக் குறிப்பை யூனிகோடு தமிழில், சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

## படி 6: மூன்று பிரதி

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். உலகம் முழுக்க ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் கணக்கு இது. ஒரே பீரோவில் இரண்டு ஹார்டு டிஸ்க் வைத்தால் திருடனுக்கும் வெள்ளத்துக்கும் இரண்டும் ஒன்றுதான். ஒன்று மதுரையில் இருக்கட்டும், ஒன்று உசிலம்பட்டி அக்கா வீட்டிலோ சென்னைத் தம்பி வீட்டிலோ இருக்கட்டும். முக்கியமானவற்றை மட்டுமாவது கிளவுடில் ஏற்றுங்கள்.

பிரதிக்குச் சாதாரண ஹார்டு டிஸ்க்கே நல்லது. 4 டிபியில் 300 மணி நேர மினி டிவி அடங்கும். எஸ்எஸ்டியையும் பென்டிரைவையும் மின்சாரமே காட்டாமல் சூடான அலமாரியில் வருடக்கணக்கில் வைத்தால் அவற்றில் உள்ளது மங்கிப்போகக்கூடும்.

டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்; பழைய ஃபேட்32, 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. நகலெடுக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பாதியில் உடையும். இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

யூடியூபை மட்டும் நம்ப வேண்டாம். அது கோப்பைத் திரும்பச் சுருக்குகிறது. கல்யாண வீடியோவில் ஸ்டுடியோக்காரர் சேர்த்த சினிமாப் பாட்டுக்கு உரிமைப் புகார் வந்து ஒலியே போகலாம். கூகுளின் இலவச இடம் 15 ஜிபிதான், இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கவும் செய்யலாம்.

## படி 7: வருடத்துக்கு ஒரு சோதனை

ஒவ்வொரு கோப்புக்கும் ‘செக்சம்’ என்ற அடையாள எண்ணை உருவாக்கிச் சேமியுங்கள். எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது 64 எழுத்து. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும், உள்ளே கெட்டதைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே காட்டிக்கொடுக்கும். விண்டோஸில் டெராகாப்பி போன்ற மென்பொருள் இதைச் செய்துதரும்.

ஆயுத பூஜைக்குக் கணினியைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோமே, அந்த வாரத்தையே இதற்கும் ஒதுக்கலாம். எல்லா டிஸ்க்குகளையும் செருகி எண்களைச் சரிபாருங்கள். ஒன்று பிசகினால் நல்ல பிரதியிலிருந்து மாற்றுங்கள். ஐந்து வருடமான டிஸ்க்குக்குப் புதியது வாங்கி, பழையதைக் கூடுதல் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு தாள். எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, கிளவுட் கணக்கின் கடவுச்சொல் எந்த இடத்தில் இருக்கிறது, உங்களுக்குப் பின் பொறுப்பு யாருக்கு என்று கையால் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் சேருங்கள். அந்தப் பொறுப்புக்காரரை இந்த வருடச் சோதனைக்கே பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.