அழியா இரசாயனங்களும் கிணற்று நீரும்

நிலத்திற்கு உரமிடுவது விளைவைப் பெருக்குவதற்கேயாம். ஆயினும், உரமென்று நம்பி இடப்பட்ட பொருளே நிலத்தையும் கிணற்றையும் கறவைப் பசுவையும் ஒருங்கே கெடுத்துவிடக்கூடும் என்பதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேய்ன் மாகாணத்தில் நேர்ந்தது தக்கதொரு திருஷ்டாந்தமாகும்.

அம்மாகாணத்தில் 1980-களில் நகரச் சாக்கடைக் கசடும் காகித ஆலைக் கசடும் மலிவான உரமாகக் குடியானவர்களுக்கு அளிக்கப்பட்டு வந்தன. தழைச்சத்து நிறைந்த அக்கசடை அவர்கள் அரசாங்க அனுமதியின்பேரிலேயே புல் நிலங்களில் பரப்பினர். 2016-ஆம் ஆண்டில், அரண்டெல் என்னும் ஊரில் ஒரு பால் பண்ணையை அடுத்திருந்த பொதுக் குடிநீர்க் கிணற்றைச் சோதித்ததில் தீங்கு வெளிப்பட்டது. பின்னர் அப்பண்ணையின் மண், நீர், உலர்புல், பால் ஆகிய யாவற்றிலும் அதே இரசாயனங்கள் காணப்பட்டன. பால் வியாபாரமும் நின்றுபோயிற்று.

பொருளின் தன்மை

இவை கரியும் புளோரினும் சேர்ந்த செயற்கைச் சேர்க்கைப் பொருள்கள். 1940-கள் முதல் ஒட்டாத சமையற் பாத்திரம், நீர் புகாத துணி, எண்ணெய் ஊறாத காகிதம், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை முதலியவற்றிற்கு இவை பயன்பட்டு வந்துள்ளன. கரியணுவுக்கும் புளோரின் அணுவுக்கும் உள்ள பிணைப்பு மிகவும் வலியது. வெயிலாலும் மழையாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களாலும் அது எளிதில் சிதைவதில்லை. ஆகவேதான் இவற்றிற்கு அழியா இரசாயனங்கள் என்னும் பெயர் வழங்குகிறது. மனித உடலுட் புகுந்தபின் இவற்றுட் சில பாதியளவாகக் குறைவதற்கே சில ஆண்டுகள் செல்லும்.

மேற்கு வர்ஜீனியா, ஒஹையோ மாகாணங்களில் இவற்றுள் ஒன்று கலந்த நீரைப் பருகிவந்த ஏறத்தாழ 69,000 பேரைப்பற்றிய விவரங்கள் 2005, 2006-ஆம் ஆண்டுகளில் திரட்டப்பட்டன. சிறுநீரகப் புற்று, விதைப்பைப் புற்று, இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், கர்ப்ப காலத்து இரத்த அழுத்தம் முதலிய ஆறு நோய்களுக்கும் அப்பொருளுக்கும் தொடர்பிருத்தல் கூடும் என 2012-ஆம் ஆண்டளவில் நிபுணர்கள் முடிவு கூறினர்.

குடிநீர்

இவற்றிற்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை. ஆய்வுச்சாலைச் சோதனையன்றி இவற்றை அறிய வேறு வழியில்லை. ஐக்கிய அமெரிக்க மத்திய அரசாங்கம் 2024-ஆம் ஆண்டில், இவற்றுள் முக்கியமான இரண்டிற்குப் பொதுக் குடிநீரில் லட்சம் கோடியில் 4 பங்கு என எல்லை வகுத்தது. அதாவது, 1 லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் 4 பங்கேயாகும். அவ்விதி தனியார் கிணறுகளைக் கட்டுப்படுத்தாது. அவற்றைச் சோதிப்பது உடையவரின் பொறுப்பு.

நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை. நீர் ஆவியாகக் குறையுமேயன்றி இரசாயனம் தங்கிவிடும். அதனால் அதன் செறிவு கூடவே செய்யும். துணியால் வடிகட்டுவதும் குளோரின் பொடி இடுவதும் இதற்குப் பரிகாரமல்ல. பயன் தருவன, வீரியமூட்டிய கரி வடிகட்டியும், நுண்சவ்வு வழியே நீரை அழுத்திச் செலுத்தும் கருவியும் ஆகும். கரி நிரம்பியபின் இரசாயனத்தைப் பற்றாதாகையால், உரிய காலத்தில் அதை மாற்றுதல் வேண்டும். தோலின் வழியே உட்செல்வது சொற்பமாதலால், குடிநீர், சமையல், குழந்தைகளின் பால் ஆகியவற்றிற்குரிய நீரையாவது முதலில் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். சவ்வுக் கருவி கழிக்கும் நீரில் இரசாயனம் செறிந்திருக்கும். அதைத் தோட்டத்திற்குப் பாய்ச்சலாகாது.

தீவனமும் பயிரும்

கெட்ட நிலத்தில் வளரும் புல் இவற்றை உறிஞ்சுகிறது. அது பசுவின் வழியே பாலையும் இறைச்சியையும் அடைகிறது. சுத்தமான நீரும் வேற்று நிலத்துத் தீவனமும் கொடுத்துவந்தால், பாலில் இவற்றின் அளவு நாளடைவில் குறையும். பொதுவாக இலைகளிலும் தண்டுகளிலும் சேருமளவு தானியத்தில் சேர்வதில்லை. மக்காச்சோளத்தின் தட்டையில் உள்ள அளவைவிட அதன் மணியில் உள்ளது மிகக் குறைவு. கீரைகளைவிடத் தக்காளி போன்ற காய்களிலும் குறைவே. ஆதலால் நிலத்தைச் சோதித்தறிந்து, அதற்கேற்பப் பயிரை மாற்றிக்கொள்ளுதல் நலம்.

அதிகாரிகளின் கடமை

மேய்ன் அரசாங்கம் கசடு இட்ட நிலங்களைப் பழைய அனுமதிப் பதிவேடுகளைக்கொண்டே கண்டறிந்து, அங்குள்ள மண்ணையும் கிணறுகளையும் சோதிக்க முற்பட்டது. 2022-ஆம் ஆண்டில் கசடை நிலத்தில் இடுவதையே சட்டத்தால் தடுத்து, நஷ்டமுற்ற குடியானவர்களுக்கென 6 கோடி டாலர் ஒதுக்கியது. பதிவேடு செம்மையாயிருந்த இடங்களில் இவ்வேலை எளிதாகும் என்பதைக் கிராம அதிகாரிகள் கருத்திற்கொள்வாராக.

பூச்சியை மருந்தால் ஒழிக்கலாம். களையை உழுது மடக்கலாம். இவ்விரசாயனமோ ஒருமுறை வயலிற் புகுந்தால், உழவன் காலத்தில் அவ்வயலை விட்டு அகலுவதரிது. ஆகவே, கசடு எந்நகரத்தது, எவ்வாலைகளின் கழிவு அதில் சேர்கிறது, இவ்விரசாயனங்களுக்காக அது சோதிக்கப்பட்டதா என்று வண்டி வாயிலில் நிற்கும்பொழுதே வினவுதல் வேண்டும். தக்க விடை கிடையாவிடில், இலவசமாய் வரினும் அதை மறுப்பதே நிலத்திற்கு உடையவர் செய்யும் நன்மையாகும்.