வாக்களிக்க அழைப்பவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

சனவரி 25 தேசிய வாக்காளர் நாள். 1950ஆம் ஆண்டு இதே நாளில்தான் இந்தியத் தேர்தல் ஆணையம் தோன்றியது. 2011 முதல் அந்நாள் வாக்காளர்க்குரிய விழாவாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களாகிய நாங்கள் அன்று அட்டைகளை ஏந்தி, அருகிலுள்ள சிற்றூருக்கு ஊர்வலமாகச் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் என்னை அழைத்து, "ஏன் தம்பி, நாங்க ஓட்டுப் போட்டா உங்களுக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாட்டி" என்றேன். அது முழு உண்மையன்று. வருகைப் பதிவு கிடைத்தது. பிற்பகல் ஆய்வக வகுப்பும் இல்லாமற் போயிற்று.

அக்கேள்வி என்னை விடவில்லை. 'வாக்களியுங்கள்' என்போர் பலர், நோக்கங்களும் பல. கட்சித் தொண்டரை எடுத்துக்கொள்வோம். வாக்குப்பதிவு நாளன்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் வராதவர் யார் யார் என்று கணக்கெடுப்பார். மாற்றுக் கட்சிக்காரர் வீட்டுக் கதவை மட்டும் தட்டமாட்டார்! வேட்பாளர் தரப்பினர் வண்டி அமர்த்தி வாக்காளரை இலவசமாக ஏற்றிச் செல்வது, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடாகும்.

தேர்தல் ஆணையம் 2009இல் தொடங்கிய வாக்காளர் கல்வித் திட்டமோ எல்லாரையும் அழைக்கிறது. எந்த வேட்பாளரையும் விரும்பாதவர்க்கும் 2013 முதல் 'நோட்டா' உண்டு. உயர்ந்த நோக்கமே. ஆனால் கீழே வர வர அது எண்ணிக்கையாகவும் புகைப்படமாகவும் சுருங்கிவிடுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரித் தொகுதியில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் வாக்களித்தனர்; மத்திய சென்னையில் 54 விழுக்காட்டினரே. அட்டை பிடிக்க வேண்டிய இடம் சிற்றூர்தானா? கல்லூரிக்குப் பக்கம் என்பதால் நாங்கள் அங்குப் போனோம், அவ்வளவே.

1951–52 முதல் பொதுத் தேர்தலின் வரலாற்றைப் படித்தபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் தம் பெயரைக் கூறாமல், இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிவு செய்திருந்தனர். அப்பதிவுகளை ஏற்க முடியாதென்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கினார். அப்பெண்களிடம் போய் 'வாக்களிப்பது கடமை' என்று முழங்கி என்ன பயன்? முதலில் வேண்டியது பட்டியலில் பெயர்.

அடுத்த ஞாயிறன்று அதே திண்ணைக்குச் சென்றேன். "போன தடவை போனேன் தம்பி. பேரே இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் பாட்டி. அறுபது பேர் ஊர்வலம் சென்றோம். ஒருவரும் அவரை இதைக் கேட்கவில்லை.

படிவம் 6ஐ நானே நிரப்பினேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவன் நான். ஆகவே எத்தாளையும் நிரப்பிப் பழக்கமுண்டு. பாட்டியின் பெயரைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டேன். மகன் பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்றுதான் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பிறகு பாட்டியே சொன்னார். படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்திருக்கிறோம். இம்மலர் அச்சுக்குச் செல்லும் வரை பதில் வரவில்லை.