ஓர் உறுப்பு நொந்தால்



புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் திருச்சபையை ஓர் உடலுக்கு ஒப்பிடுகிறார். ஓர் உறுப்பின் நோவு அந்த உறுப்போடு நின்றுவிடுவதில்லை. முழு உடலும் அதைச் சுமக்கிறது என்பது அவர் போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. ஆகவே அப்போதனை நம் வீட்டுக்கும் பொருந்தும்.

மாத்தளை மாவட்டத்தில், ரத்தொட்டைப் பக்கத்துத் தோட்ட லயத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கடன் தலைக்குமேல் ஏறியதால் தாய் குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறார். சில மாதங்களில் பத்து வயது மகன் பாடசாலையில் சண்டை பிடிக்கிறான். “பொடியன் கெட்டுப் போனான்” என்கிறார்கள் அயலார். தகப்பன் பிரம்பை எடுக்கிறார்.

சற்று நின்று, வீடு முழுவதையும் பார்ப்போம். மூத்த மகள் படிப்பைப் பாதியில் விட்டு அடுப்படியில் நிற்கிறாள். அப்பாயி மகனின் குறைகளைத் தொலைபேசியில் மருமகளிடம் சொல்கிறார். வெட்கப்பட்ட தகப்பன் குடிக்கிறார். அவர்கள் இருவருக்கும் நடுவே மகள் தூது போகிறாள். சின்னவன் சண்டை பிடித்த நாளில் மட்டுமே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள்! காய்ச்சல் அவனிடம் தெரிகிறது; நோய் வீட்டில் இருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் 1954 முதல் 1959 வரை நோயாளிகளோடு அவர்களின் குடும்பத்தாரையும் மருத்துவமனையில் தங்கவைத்து ஆராய்ந்தார். இருவருக்கிடையே மனக்கசப்பு முற்றும்போது மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுத்துத் தம் பாரத்தை அவர்மேல் இறக்கிவிடுவார்கள் என்று அவர் விளக்கினார். பெரும்பாலும் அந்த மூன்றாமவர் ஒரு பிள்ளையே.

இதற்காகத் தாயைக் குற்றவாளியாக்க வேண்டாம். அவர் போனது பிள்ளைகளின் சோற்றுக்காக. 2013இல் அரசாங்கம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதைத் தடுத்தது. 2022இல் அவ்விதியைத் தளர்த்தியது. சட்டம் பயணத்தைத் தடுக்கலாம், கடனைத் தீர்க்காது.

இன்னொன்றும் அறிய வேண்டும். தாய் திரும்பி வந்த உடனே எல்லாம் பழையபடி ஆகிவிடாது. அவர் இல்லாமலே வீடு நடக்கப் பழகிவிட்டது. பெட்டிச் சாவியைக் கொடுக்க மூத்தவள் தயங்குவாள். கடைக்குட்டி அப்பாயியின் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். அது நன்றிகெட்டதனம் அல்ல. தாய்க்கு மீண்டும் இடம் ஒதுக்க வீட்டார் ஒவ்வொருவரும் சற்று நகர வேண்டும். அதற்குக் காலமும் பொறுமையும் தேவை.

வஹக்கோட்டைப் புனித அந்தோனியாரிடம் சென்று, “என் மகனைத் திருத்தித் தாரும்” என்று மன்றாடுகிறோம். நல்லதே. இனி, “எங்கள் எல்லாரையும் திருத்தித் தாரும்” என்று மன்றாடுவோம்.

இன்று குடும்பச் செபமாலைக்குப் பின் சிந்திக்க:

1. நம் வீட்டில் “பிரச்சினைக்காரர்” என்று பெயர் எடுத்தவர் யார்? அவர் யாருடைய பாரத்தைச் சுமக்கிறார்?

2. நேரில் பேச வேண்டியதை யார் மூலம் சொல்லி அனுப்புகிறோம்?

3. மற்றவர் மாறும்வரை காத்திராமல், நான் மாற்றக்கூடிய ஒரு காரியம் எது?

ஒருவர் மனம் மாறினால் போதும். மற்றவர்களும் அசையத் தொடங்குவார்கள். நோவு பரவுவது போல நலமும் பரவும்.