இணைகோட்டுக் கணக்கில் எங்கே பிசகுகிறது?

கேள்வி: முக்கோணத்துக்குள் இணைகோடு வரைந்து, தெரியாத நீளத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அடிக்கடி தவறு செய்கிறாள். தேற்றம் மனப்பாடமாகத் தெரியும். பிறகு ஏன்?

– வாசகி, கரூர்

பதில்: பெரும்பாலும் பிசகு ஒரே இடத்தில்தான். ஏபிசி என்ற முக்கோணத்தில், பிசி-க்கு இணையாக டிஈ என்ற கோடு. டி, ஏபி-யின் மேல். ஈ, ஏசி-யின் மேல். ஏடி 4 செ.மீ., டிபி 6 செ.மீ., ஏஈ 6 செ.மீ. என்றால் ஈசி 9 செ.மீ. இதைப் பிள்ளைகள் சரியாகவே போட்டுவிடுவார்கள்.

டிஈ 5 செ.மீ., பிசி எவ்வளவு என்று கேட்டால்தான் சிக்கல். பழக்கத்தில் அதே 4-க்கு 6 விகிதத்தைப் போட்டு 7.5 என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே ஒப்பிட வேண்டியது சின்ன முக்கோணத்தையும் முழு முக்கோணத்தையும். ஏடி 4, ஏபி 10. ஆகவே பிசி 12.5 செ.மீ.

தேல்ஸ் பெயரால் வழங்கும் இந்தத் தேற்றத்துக்கு யூக்ளிட் தந்த நிரூபணத்தை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை வரைந்து பாருங்கள், அவ்வளவு அழகு! பிடிஈ, சிடிஈ இரண்டுக்கும் அடிப்பக்கம் டிஈ. இணைகோடுகளுக்கு இடையில் இருப்பதால் உயரமும் ஒன்றே. எனவே பரப்பும் சமம். மேலே உள்ள ஏடிஈ-யின் பரப்பை முதலாவதோடு ஒப்பிட்டால் ஏடி–டிபி விகிதம், இரண்டாவதோடு ஒப்பிட்டால் ஏஈ–ஈசி விகிதம். இரண்டும் சமமாகித்தானே தீர வேண்டும்? பிசி-யின் நீளம் இதில் எங்குமே வரவில்லை என்பதை அவளே கவனிக்கட்டும். அது தேவைப்படும்போது, துண்டுகளைக் கூட்டி முழுப் பக்கத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள்.