பாட்டு ரசிகரின் காதுக்குள்ளே

காலை நேரத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறும். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர், மாணவர்கள், வியாபாரிகள் எனப் பலரும் இருப்பார்கள். அவர்களில் இளைஞர் பலருடைய காதுகளில் இயர்போன் இருக்கும். கண்களை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ரசிகர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மாணவர். சினிமாப் பாட்டைவிட, கலைஞர்கள் தாங்களே எழுதி, இசையமைத்து வெளியிடும் சுயேச்சைப் பாடல்களில்தான் அவருக்கு மோகம். இவற்றை ‘இண்டி’ பாடல்கள் என்பார்கள். ‘இண்டிபென்டன்ட்’ என்ற சொல்லின் சுருக்கமே அது.

தமிழில் இத்தகைய பாடல்களுக்கு இன்று பெரும் வரவேற்பு இருக்கிறது. கானாவையும் ராப், ராக் இசையையும் கலந்து பாடும் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. அக்குழுவில் பாடிய அறிவு, அரக்கோணத்தைச் சேர்ந்தவர். திருவள்ளூர் வழியாகச் செல்லும் ரயில் பாதையில்தான் அந்த ஊர் இருக்கிறது. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடி வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகெங்கும் கேட்கப்பட்டது.

நம் ரசிகர் ஒரே பாட்டை ஒரு நாளில் பத்து முறை கேட்கிறார். ஏன் அலுக்கவில்லை? அந்தப் பாட்டு அவர் காதுக்குள் என்ன செய்கிறது? இவ்விரண்டையும் இப்போது பார்ப்போம்.

மெய் சிலிர்ப்பது ஏன்?

கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கேட்டால் மெய் சிலிர்க்கும் பாட்டுகளைக் கொண்டுவருமாறு சிலரிடம் சொன்னார்கள். அவர்கள் அதைக் கேட்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். சிலிர்ப்பு உண்டாகும் கணத்தில் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரந்தது. பசித்தவர் உணவு உண்ணும்போதும் இதே பொருள்தான் சுரக்கிறது.

இன்னொரு விந்தையும் தெரிந்தது. பிடித்த இடம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, “இதோ வரப்போகிறது” என்று மூளை எதிர்பார்க்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரக்கத் தொடங்கிவிட்டது! நன்கு தெரிந்த பாட்டு ஏன் அலுப்பதில்லை என்பது இப்போது விளங்குகிறதல்லவா? எதிர்பார்ப்பதும் இன்பம், எதிர்பார்த்தது வந்து சேர்வதும் இன்பம்.

ஆனால் இந்த இன்பம் மூளைக்குப் போக ஒரே வாசல்தான் உண்டு. அது காது.

சுத்தி, பட்டடை, அங்கவடி

பாட்டு என்பது காற்றில் உண்டாகும் அதிர்வு. அது செவிக்குழல் வழியே சென்று செவிப்பறையை அசைக்கிறது. செவிப்பறையை ஒட்டிச் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிறு எலும்புகள் உள்ளன. இரும்பு ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிக்குப் பொருத்தமான பெயர்கள்தாம்! இவற்றில் அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர் அளவே உள்ளது. நம் உடலின் மிகச் சிறிய எலும்பு இதுவே.

அங்கவடி, உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவைத் தட்டுகிறது. அதனுள் இருக்கும் திரவத்தில் அலை எழும்புகிறது. அங்கே ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. காற்றில் நெற்கதிர் சாய்வதுபோல அவற்றின் நுண்மயிர்கள் சாய்கின்றன. அந்த அசைவு மின்துடிப்பாக மாறி, நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது.

காக்ளியாவின் வாசலருகே உள்ள செல்கள் ஜால்ரா போன்ற உச்ச ஒலிகளுக்கும், உள்கோடியில் உள்ளவை பறை போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கும் அசைகின்றன. இந்த அலை எப்படி நகர்கிறது என்று கண்டறிந்த பெகஷி என்ற ஹங்கேரிய விஞ்ஞானிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

15,000 என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். நம் கண்ணில் ஒளியை உணரும் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு, கோழி போன்ற பறவைகளில் அழிந்த மயிர்ச் செல்கள் மீண்டும் முளைக்கின்றன; மனிதரில் முளைப்பதில்லை. பிறக்கும்போது கிடைத்ததே வாழ்நாள் முழுவதற்கும் உள்ள முதல்.

ரயில் சத்தமும் பாட்டுச் சத்தமும்

ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிக்கிறோம். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். இந்த அளவுகோலில் ஒரு விசேஷம் உண்டு. 3 டெசிபெல் கூடினால் ஒலி ஆற்றல் இரு மடங்காகிறது. 10 டெசிபெல் கூடினால் பத்து மடங்கு!

ஓடும் ரயிலின் இரைச்சலில் மெல்லிய பாட்டு கேட்காது. நம் ரசிகர் ஒலியைக் கூட்டுகிறார். இரைச்சல் கூடினால் மேலும் கூட்டுகிறார். “அதிகமாக வைத்திருக்கிறோம்” என்ற நினைப்பே அவருக்கு வராது. ஏனெனில் ரயில் சத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அவர் அளக்கிறார். காக்ளியாவோ மொத்த ஆற்றலையும் தாங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள்:

80 டெசிபெல் – 40 மணி
83 டெசிபெல் – 20 மணி
86 டெசிபெல் – 10 மணி
89 டெசிபெல் – 5 மணி
92 டெசிபெல் – 2½ மணி
95 டெசிபெல் – 1¼ மணி

சிறுவர்களுக்கு இந்தக் கணக்கு 75 டெசிபெலில் தொடங்குகிறது.

முதலில் போவது எது?

பேரொலியால் முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. வல்லெழுத்துகளைப் பிரித்தறிய இப்பகுதி மிகவும் தேவை. அது குறைந்தவருக்குப் பேச்சுச் சத்தம் கேட்கும். ஆனால் ‘பால்’ என்றதா ‘கால்’ என்றதா என்று தெரியாது. உருட்டாலையில் பல ஆண்டுகள் உழைத்த சிலர், “கேட்கிறது, புரியவில்லை” என்று சொல்வது இதனால்தான். அவர்கள் பிழைப்புக்காக அந்த இரைச்சலில் நின்றார்கள். ஆலையில் காதடைப்பான் அணிய வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதற்காகவே. விருப்பத்துக்காகக் கேட்கும் பாட்டால் நமக்கு அந்த நிலை வரலாமா?

கச்சேரி முடிந்து வந்த இரவில் காதில் ‘ங்...’ என்று ரீங்காரம் கேட்கும். காலையில் அது நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரு விஞ்ஞானிகள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. பேரொலி கேட்ட எலிகளுக்குச் செவித்திறன் சில வாரங்களில் திரும்பியது. ஆனால் மயிர்ச் செல்களையும் நரம்பையும் இணைக்கும் சந்திப்புகள் பல நிரந்தரமாக அழிந்திருந்தன.

பாட்டை விட வேண்டாம்

நம் ரசிகர் பாட்டை நிறுத்த வேண்டியதில்லை. ஒலியளவை உச்சத்தில் 60 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். காதில் நன்கு பொருந்தும் இயர்போன் வெளி இரைச்சலைத் தடுக்கும். அப்போது குறைந்த ஒலியே போதுமானது. மேடைக் கச்சேரியில் ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளி நிற்கலாம். திறந்த வெளியில் தூரத்தை இரு மடங்காக்கினால் சுமார் 6 டெசிபெல் குறைகிறது. அதாவது நான்கு மடங்கு நேரம் கேட்கலாம்!

செய்து பாருங்கள்

காலையில் அமைதியான அறையில் வானொலியில் செய்தி வையுங்கள். சொற்கள் மட்டுமட்டாகப் புரியும் அளவுக்கு ஒலியைக் குறைத்து, திருகு நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் இரைச்சலில் இருந்துவிட்டு, மாலையில் அதே அறையில் அதே அளவில் கேளுங்கள். சொற்கள் புரியவில்லையென்றால் உங்கள் காது களைத்துவிட்டது என்று பொருள். அன்று மாலை அதற்கு ஓய்வு கொடுங்கள்.

சிந்தியுங்கள்

1. சிறுவர்களுக்கான கணக்கின்படி, 84 டெசிபெலில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாட்டுக் கேட்கலாம்?

2. கை நீட்டும் தூரத்தில் நிற்கும் நண்பரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தின் சத்தம் சுமார் 85 டெசிபெல் எனலாம். உங்கள் ஊரில் அத்தகைய இடங்கள் எவை? பட்டியல் தயாரியுங்கள்.